வடிதுணியின் பின்பக்கம்

என் சமையலறை யன்னல் கம்பியில் ஒரு வடிதுணி காய்கிறது. கைக்குட்டையை விடச் சற்றுப் பெரியது. ஒரு காலத்தில் வெள்ளையாக இருந்தது. இப்போது நடுவில் ஊதா படிந்து, ஓரத்துக்குப் போகப் போக மங்கி, எத்தனை தரம் சவர்க்காரம் போட்டுக் கசக்கினாலும் போகாத நிறமாகிவிட்டது. ஒவ்வொரு மூலையிலும் ஒரு சின்னப் பூ, சிவப்பு நூலில் தைத்தது. வெள்ளவத்தையில் கடலைப் பார்த்திருக்கும் எங்கள் மாடி வீட்டில் உப்புக் காற்றுக்குக் கதவுப் பிணைச்சலே துருப்பிடித்து உதிர்கிறது. இந்தச் சிவப்பு மட்டும் வீட்டுக்கு வந்த அன்றுபோல இருக்கிறது. துணி காய்ந்ததும் எடுத்து மடிப்பதற்கு முன் நான் அதைத் திருப்பிப் பின்பக்கத்தைப் பார்ப்பேன். அது அம்மாவின் பழக்கம். எனக்கு அவரிடமிருந்து வந்த சொத்துகளில் சந்தேகம்தான் பெரியது.

அம்மா எதையும் அப்படியே எடுத்துக்கொள்ள மாட்டார். மீன்காரன் செவுளைத் தூக்கிக் காட்டினால் அவர் மற்றப் பக்கத்துச் செவுளைத் தூக்கிப் பார்ப்பார். பச்சைத் தண்ணீரையும் மணந்து பார்த்துத்தான் குடிப்பார். சோதனைச் சாவடிகளும் வீடு வீடாக வந்து பெயர் பதிவதும் இருந்த காலத்தில் இரண்டு பெண்பிள்ளைகளைக் கொழும்பில் தனியாக வளர்த்தவர். கதவு தட்டும் சத்தத்தை வைத்தே ஆள் யாரென்று சொல்லுவார். அந்தக் காலம் முடிந்தது. அவருடைய காது முடியவில்லை. நானும் வளர்ந்து ஒரு காப்புறுதி நிறுவனத்தில் இழப்பீட்டு விண்ணப்பங்களைச் சரிபார்க்கும் வேலைக்குப் போனேன். அம்மா சும்மா செய்ததை நான் சம்பளத்துக்குச் செய்கிறேன் என்று அக்கா பகிடி பண்ணுவாள்.

அந்த அக்காதான், எங்கள் வீட்டில் எவருடைய காதுக்கும் பிடிபடாமல், கொட்டாஞ்சேனைக்காரர் ஒருவரை விரும்பினாள். வேதக்காரர், கிறிஸ்தவர். சரக்குக் கப்பலில் சமையல்காரர். அம்மாவுக்கு மதம்கூடப் பெரிய பிரச்சினையாக இருக்கவில்லை. கப்பல்தான் தொண்டையில் சிக்கியது. “ஆறு மாசம் கண்ணுக்கு முன்னாலை இருக்கிற மனுசனையே நம்பேலாது. இவர் ஆறு மாசம் ஆருடைய கண்ணுக்கு முன்னாலை இருக்கிறார் எண்டு ஆருக்குத் தெரியும்?” என்றார். பிறகு அழுதார், பிறகு சம்மதித்தார், பிறகு கலியாணப் படத்தில் ஒருவரையும் பார்க்காமல் ஒரு பக்கம் திரும்பி நின்றார். அக்கா கொட்டாஞ்சேனைக்குப் போனாள்.

எங்கள் வீட்டில் ஒரு வழக்கம் இருந்தது. மாமியார் மருமகனோடு நேரே கதைப்பதில்லை. அம்மாவின் அம்மா அப்பாவோடு அப்படித்தான் இருந்தாராம். அத்தான் மேசையில் இருப்பார், அம்மா அடுப்படி வாசலில் நிற்பார், நடுவில் நான். “சொதி காணுமோ எண்டு கேள்” என்று அம்மா என்னிடம் சொல்லுவார். நான் கேட்பதற்கு முன்னரே அத்தான், “காணும் மாமி” என்பார். அந்தப் பதில் காதில் விழாததுபோல அம்மா, நான் திரும்பிச் சொல்லும்வரை காத்து நிற்பார். இதில் மரியாதையும் இருந்தது, ஒரு வசதியும் இருந்தது. நேரே கேட்காத ஒருவர் எதையும் நேரே நம்பவும் தேவையில்லை.

கலியாணத்துக்குப் பிறகு வந்த தை மாதத்தில் யாழ்ப்பாணத்திலிருந்து லொறியில் இராசவள்ளிக்கிழங்கு வந்திறங்கியது. அம்மா வெள்ளவத்தைச் சந்தையில் ஒவ்வொரு கிழங்கின் தோலையும் நகத்தால் சுரண்டி, உள்ளே ஊதாதானா என்று பார்த்து வாங்கி, தேங்காய்ப்பாலும் சீனியும் விட்டுக் களியாகக் காய்ச்சினார். அத்தான் முதற் கரண்டியை வாயில் வைத்தார். வைத்தவர் அப்படியே இருந்தார். கரண்டி கையில், கண் யன்னலுக்கு வெளியே, கடலில். கண் கலங்கியதை நானும் கண்டேன், அம்மாவும் கண்டார். “இது எனக்குத் தெரிஞ்ச ருசி” என்று அக்காவிடம் மெதுவாகச் சொல்லிவிட்டு இன்னொரு கோப்பை கேட்டார்.

அவர்கள் போனதும் அம்மா கோப்பையைக் கழுவாமல் கையில் வைத்துக்கொண்டு நின்றார். “எங்கடை கிழங்கை இண்டைக்குத்தான் முதல்முறையாச் சாப்பிடுறன் எண்டு வாசலிலை வைச்சுச் சொன்னவர். பிறகு தெரிஞ்ச ருசி எண்டா என்ன கருத்து? ஆரோ ஒருத்தி காய்ச்சிக் குடுத்திருக்கிறாள்.” எனக்கும் அப்படித்தான் தோன்றியது. வேலையிடத்தில் ஒரு விண்ணப்பத்தின் முதல் பக்கமும் மூன்றாம் பக்கமும் பொருந்தாவிட்டால் மேலே ஒரு சிவப்புக் கோடு போடுவேன். அன்றைக்கு மனதுக்குள் அந்தக் கோட்டைப் போட்டேன்.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை அத்தான் வந்து, நேரே எங்கள் அடுப்படிக்குள் போனார். சனிக்கிழமையே அக்காவைக் கொண்டு தொலைபேசியில் சொல்லிப் பச்சரிசியையும் இரண்டு கறுவாப் பட்டைகளையும் ஊறப் போடச் செய்திருந்தார். ஊறிய அரிசியைப் பட்டையோடு சேர்த்து பிளெண்டரில் அடித்தார். அவித்த கிழங்கைத் தேங்காய்ப்பாலில் கரைத்து, ஒரு கட்டியும் இல்லாமல் மசித்தார். ஒரு சிட்டிகை உப்பு, சீனி, கொஞ்சம் தகரத்தில் அடைத்த ரின்பால். அரிசிப்பாலை வடிக்க அம்மாவின் வடியை நீட்டினேன். வேண்டாமென்று தலையாட்டி, தன் சட்டைப்பையிலிருந்து இந்தத் துணியை எடுத்தார். நன்றாகத் தோய்த்து மடித்திருந்தது. துணியைப் பாத்திரத்தின் வாயில் விரித்து, நாலு மூலைப் பூக்களையும் ஒன்றாகச் சேர்த்துப் பிடித்து முறுக்கிப் பிழிந்தார். வெள்ளைப் பால் இறங்கி ஊதாவோடு கலந்து, கோவில் தேர்ச்சீலைகளில் வருகிற ஒரு இளநிறமாக மாறியது. ஐஸ் போட்டுக் கண்ணாடிக் குவளைகளில் ஊற்றினார்.

அதன் கதையையும் சொன்னார். மெக்சிகோவில் ஒரு துறைமுக வாசலில் பெரிய கண்ணாடிப் போத்தலில் இந்த அரிசிப்பாலை விற்பார்களாம். ஒர்ச்சாத்தா என்று பெயராம். கப்பலில் இவருக்கு உதவிச் சமையல்காரர் ஒரு பிலிப்பீன்காரர். அவர்கள் ஊரிலும் இதே கிழங்கு இருக்கிறது, ஊபே என்பார்கள். அவர் அதைத் தேங்காய்ப்பாலோடு அரிசிப்பாலில் கலக்க, வெயிலில் வேலை செய்துவிட்டு வந்தவர்களெல்லாம் வரிசையில் நின்று குடித்தார்களாம். “ஆனா பட்டை எங்கட பட்டை, மாமி. அங்க சந்தையில ‘சிலோன்’ எண்டு சொல்லித்தான் ஒரு மனுசி விக்கிறா” என்றார், அடுப்படி வாசலைப் பார்த்து.

அம்மா குடிக்கவில்லை. தடிமன் பிடிக்கும் என்று என்னிடம் சொல்லிக் குவளையைக் குழாய்க்குப் பக்கத்தில் வைத்துவிட்டார். அத்தான் அக்காவோடு மொட்டை மாடிக்குப் போன நேரத்தில் துணியைக் கையில் எடுத்தார். அம்மா இளவயதில் சட்டை தைத்துத்தான் எங்களை வளர்த்தவர். முன்பக்கம் எல்லாருக்கும் வடிவாகத்தான் வரும், பின்பக்கத்து முடிச்சைப் பார்த்தால்தான் கை தெரியும் என்பார். “கடையிலை வாங்கினது இல்லை. கையாலை தைச்சது” என்றார். பிறகு குரலைத் தாழ்த்தி, “ஒரு மனுசி எண்டு சொன்னவர், கவனிச்சனியோ?” என்று கேட்டார். நான் கவனித்திருந்தேன். ஆனால் ‘உந்தத் துணி ஆர் தந்தது’ என்று ஒரு சொல் கேட்க எங்கள் வீட்டில் ஆளில்லை. அம்மா கேட்கக் கூடாது. நான் இளையவள், கேட்டால் வாய்க்காரி. அக்கா கேட்க வேண்டிய கேள்வி அது.

அத்தான் கப்பலுக்குத் திரும்பினார். அந்தத் துணியைக் கொண்டுபோகவில்லை. எங்கள் அடுப்படியில் விட்டுவிட்டுப் போனார். அக்கா பிள்ளைத்தாய்ச்சியாக வெள்ளவத்தைக்கு வந்தாள். அம்மா அவளுக்குப் பத்தியம் சமைத்தார், கால் பிடித்துவிட்டார், அதோடு அந்தத் துணியையும் காட்டினார். கெட்ட எண்ணத்தில் இல்லை. ஏமாறப் போகிற பிள்ளைக்கு முன்கூட்டியே சொல்லிவைக்க வேண்டும் என்றுதான் நினைத்தார். ஒரு நாள் அத்தான் வீடியோவில் கதைத்துக்கொண்டிருக்கும்போது பின்னால் பாட்டும் ஒரு பெண்ணின் சிரிப்பும் கேட்டது. அது தொலைக்காட்சியாகவும் இருக்கலாம். அக்கா அன்று கதையை இடையில் முடித்துக்கொண்டாள். அதற்குப் பிறகு அவர் எடுத்தால் குளிக்கிறேன், படுத்திருக்கிறேன் என்று என்னைக் கொண்டு சொல்லுவித்தாள். “தங்கச்சி, அக்காவுக்கு என்ன? நான் ஏதும் பிழை செஞ்சிட்டனோ?” என்று அவர் என் கைபேசிக்கு எடுத்துக் கேட்டார். அந்தக் குரலையும் நான் சந்தேகத்தோடுதான் கேட்டேன்.

“நேரை கேளன்” என்று அக்காவிடம் சொன்னேன். பிள்ளைக்குத் துணி மடித்துக்கொண்டிருந்தவள் நிமிராமல், “கேட்டு அவர் ஓம் எண்டு சொன்னா நான் என்ன செய்யிறது?” என்றாள். வாய்விட்டுச் சிரிக்கிறவள் அக்கா. பக்கத்து மாடிக்காரர் சுவரில் தட்டும் அளவுக்குச் சிரிப்பாள். அந்த மாதங்களில் எங்கள் வீட்டில் அந்தச் சத்தமே இல்லாமல் போயிற்று. பெண்குழந்தை பிறந்தது. தகப்பன் முகத்தைத் திரையில் காட்டினோம்.

அந்த நாட்களில்தான் அம்மாவுக்குத் தொண்டையில் கட்டி வந்தது. வைத்தியர்கள் சொன்னதையும் அம்மா நம்பவில்லை. இன்னொரு வைத்தியரிடம் காட்டினோம், அவரும் அதையே சொன்னார். கதிர்ச் சிகிச்சை தொடங்கியதும் வாயெல்லாம் புண்ணாகிவிட்டது. கஞ்சி எரிந்தது, சொதி எரிந்தது, வெந்நீர்கூட எரிந்தது. எலும்பும் தோலுமாக யன்னலோரக் கட்டிலில் கிடந்தார். கிழங்கு வருகிற அடுத்த தையில் அத்தான் ஒப்பந்தம் முடிந்து வந்திறங்கியதும் பெட்டியைக் கொட்டாஞ்சேனையில் போட்டுவிட்டு எங்கள் வீட்டுக்கு வந்தார். மகளைத் தூக்கி மணந்து பார்த்தார். அக்கா அவர் முகத்தைப் பார்க்காமல் பிள்ளையின் சட்டையைச் சரிசெய்தாள். அவர் அடுப்படிக்குள் போய் அரிசியை ஊறப் போட்டார்.

மறுநாள் காலை அந்த ஊதாப் பானத்தைச் சில்வர் டம்ளரில் கொண்டுவந்து கட்டிலுக்குப் பக்கத்தில் நின்றார். அம்மா என் பக்கம் திரும்பி, “இதுக்கை என்ன போட்டிருக்கெண்டு கேள்” என்றார். குரல் வெறும் காற்றாகத்தான் வந்தது. “அரிசி, கறுவா, கிழங்கு, பால், சீனி. ஐஸ் கொஞ்சம். வேற ஒண்டும் இல்ல, மாமி” என்றார் அத்தான். “வேறை ஒண்டும் இல்லையோ எண்டு கேள்.” அத்தான் தன் கோப்பையில் கொஞ்சம் ஊற்றி, அம்மாவுக்கு முன்னால் ஒரு வாய் குடித்துக் காட்டினார். அம்மா அவர் விழுங்குவதைப் பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு கையை நீட்டினார். எரியாமல் இறங்கிய முதற் சாப்பாடு அதுதான்.

அன்றிலிருந்து அது ஒரு நித்திய வழக்கமாயிற்று. காலையும் பின்னேரமும் அத்தான் வருவார், அம்மா என்னிடம் கேட்பார், அத்தான் அதே சாமான்களை அதே வரிசையில் சொல்லுவார், ஒரு வாய் குடித்துக் காட்டுவார். அம்மா எதைக் கேட்கிறார் என்பது வீட்டில் எல்லாருக்கும் தெரியும். டம்ளருக்குள் இருப்பதைப் பற்றிய கேள்வி அல்ல அது. அத்தானுக்கும் தெரிந்திருக்க வேண்டும் என்று இப்போது நினைக்கிறேன். தெரியாவிட்டால், நாளுக்கு இரண்டு தரம் ஒரு மனிதன் ஏன் அவ்வளவு கவனமாகப் பதில் சொல்ல வேண்டும்?

ஒரு பின்னேரம் நான் வேலையால் வந்தபோது அத்தான் கட்டிலுக்குப் பக்கத்தில் கதிரை போட்டிருந்து அம்மாவின் தலையணை உறையைத் தைத்துக்கொண்டிருந்தார். தையல் விட்டுப்போன ஓரம். சும்மா ஓட்டிவிடாமல், நுனியில் சிவப்பு நூலால் ஒரு சின்னப் பூவும் போட்டுக்கொண்டிருந்தார். பெரிய கை, தழும்பு விழுந்த விரல்கள், ஊசி மட்டும் அலுங்காமல் போய் வந்தது. அம்மா நித்திரை என்று நினைத்துத்தான் தைத்திருக்கிறார். அம்மா கண்ணை விழித்து, தலையை அசைக்காமல் பார்த்துக்கொண்டிருந்தார். எவ்வளவு நேரமாகப் பார்த்தாரோ தெரியாது.

அம்மா விரலால் என்னைக் கூப்பிட்டு அடுப்படிப் பக்கம் காட்டினார். வடிதுணியைக் கொண்டுவந்து கொடுத்தேன். ஒரு கையில் தலையணை உறை, மறு கையில் துணி. இரண்டையும் திருப்பினார். உறையில் இருந்த பூவின் பின்பக்கத்தில் ஒரு தடித்த இரட்டை முடிச்சு. துணியின் முதல் மூலையில் அதே முடிச்சு. அம்மா நிமிர்ந்து, என்னைப் பார்க்காமல், நேரே அத்தானைப் பார்த்தார்.

“தம்பி, உது ஆர் தைச்சது?”

அத்தான் எழும்பிவிட்டார். கலியாணம் முடித்து வந்த நாளிலிருந்து அம்மா அவரை எந்த முறை சொல்லியும் கூப்பிட்டதில்லை. “நான்தான் மாமி. கப்பல்ல பொழுது போகாது. ஆம்பிளையள் எல்லாரும் ஏதாவது செய்வாங்க. சிலபேர் வலை பின்னுவாங்க, நான் தைக்கிறது.”

“ஏன் சொல்லேல்லை?”

“நீங்க ஒருத்தரும் கேக்கல்லயே, மாமி.”

கதவடியில் அக்கா பிள்ளையோடு நின்றாள். நான் அவளைப் பார்த்தேன். அவள் அம்மாவின் கையை மட்டும் பார்த்துக்கொண்டிருந்தாள். அம்மாவோ தன் வழக்கப்படி ஒரு மூலையோடு விடாமல் இரண்டாவதைத் திருப்பினார், மூன்றாவதைத் திருப்பினார். நாலாவதில் அவருடைய விரல் நின்றது. பிறகு பெருவிரலை அந்தப் பூவின் மேல் வைத்து, துணியை மடித்து, தன் தலையணைக்குக் கீழே வைத்தார். “நல்ல கை” என்றார் அத்தானிடம். அக்கா திடீரென்று சிரித்தாள். சிரித்துக்கொண்டே அழுதாள். “ஊசி நூல் தெரியாத பொம்பிளைக்கு இப்பிடியொரு புருசன்” என்று சொல்லிச் சொல்லிச் சிரித்தாள். பக்கத்து மாடிக்காரர் சுவரில் தட்டினார்.

அந்த வருடம் முடியுமுன் அம்மா போய்விட்டார். கடைசிக் கிழமைகளில் என்னை நடுவில் வைக்காமல் அத்தானையே கேட்டார். “இதுக்கை என்ன போட்டனீங்கள், தம்பி?” அத்தான் வரிசையாகச் சொல்லுவார். அம்மா அவர் குடித்துக் காட்டும்வரை காத்திராமல் டம்ளரை வாங்கிக்கொள்ளுவார்.

செத்தவீட்டுச் சாமான்களை ஒதுக்கும்போது தலையணைக்குக் கீழே இருந்த துணியை நான்தான் எடுத்தேன். கழுவிக் காயப் போட்டபோது நாலாவது மூலையைத் திருப்பிப் பார்த்தேன். அங்கே முடிச்சு இல்லை. நூல் நுனியைத் தையலுக்கு அடியில் நுழைத்து, வெட்டிய இடமே தெரியாமல் முடித்திருந்தது. பூ அதே பூ, கை வேறு கை. பழகுகிறவனுக்கு முன்னால் வைத்துத் தைத்துக் காட்டிய பூவாக இருக்கலாம். காட்டியவர் அந்தப் பிலிப்பீன் சமையல்காரராக இருக்கலாம். துறைமுக வாசலில் அரிசிப்பால் விற்றவராக இருக்கலாம். எவராகவும் இருக்கலாம். எனக்குத் தெரிந்த ஒன்று, நான் கண்டதை அம்மா எனக்கு முன்னரே கண்டிருக்கிறார் என்பதுதான். அரிசியில் ஒரு வண்டைக்கூட விடாதவர் அதை விட்டார். கதவடியில் அக்கா நின்றபடியால் விட்டார். தன் சந்தேகம் தீர்ந்து சாவதை விட மகள் சிரிப்பது அவருக்குப் பெரிதாக இருந்திருக்கிறது.

அத்தான் கப்பலை விட்டுவிட்டார். இப்போது கொழும்பிலேயே ஒரு விடுதியில் சமைக்கிறார். தை மாதத்தில் கிழங்கு வந்ததும் நிறைய வாங்கி அவித்து மசித்துக் குளிரூட்டியில் வைத்துவிடுவேன். சித்திரை வெயில்வரை தாங்கும். ஞாயிற்றுக்கிழமைகளில் கொட்டாஞ்சேனையிலிருந்து மூன்று பேரும் முச்சக்கரவண்டியில் வருவார்கள். அத்தான் அடுப்படிக்குள் போவார், துணியைக் கேட்பார், நான் கொடுப்பேன். இன்றும் வந்தார்கள். அக்காவின் மகள் மேலுதட்டில் ஊதா மீசையோடு ஓடித் திரிந்தாள். முன்கூடத்தில் அக்கா எதற்கோ சிரித்துக்கொண்டிருந்தாள். அத்தான் எனக்கு ஒரு குவளையை நீட்டினார்.

“இதுக்கை என்ன போட்டனீங்கள், அத்தான்?”

“அரிசி, கறுவா, கிழங்கு, பால், சீனி.”

“வேறை ஒண்டும் இல்லையோ?”

அவர் என்னைப் பார்த்தார், பிறகு பிழிந்து வைத்த துணியைப் பார்த்தார். “வேற ஒண்டும் இல்ல, தங்கச்சி.”

வாங்கிக் குடித்தேன். நல்ல குளிர்.

அவர்கள் போய்விட்டார்கள். துணி காய்ந்துவிட்டது. திருப்பிப் பார்க்காமல் மடிக்க எனக்கு இன்னும் வரவில்லை. ஒவ்வொரு மூலையாகத் திருப்புகிறேன். நாலாவது மூலை வந்ததும், அம்மா செய்ததுபோல, பெருவிரலை அந்தப் பூவின் மேல் வைத்துக்கொண்டு மடிக்கிறேன்.